கொப்பியில் ஏறாத செடி

என் மேசை லாச்சியில் ஒரு மண்ணிறக் கடித உறை கிடக்கிறது. அதன் மேல், சற்று வலப்பக்கம் சாய்ந்த பென்சில் எழுத்தில் மூன்று வரிகள்: கிணற்றடி. மிளகாய், மூத்த செடி. திகதி. அந்தத் 'திகதி'க்குப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள், பிறகு வெற்றிடம். உறைக்குள் ஓர் இலை இருக்கிறது. விளிம்புகள் மேல்நோக்கி மடிந்து சிறு தோணிபோல ஆகி, அந்த உருவத்திலேயே காய்ந்து போன இலை. எட்டு வருடங்களாக அந்த உறையை எடுப்பதும் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருக்கிறேன். இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தடவை எழுந்து போய் லாச்சியைத் திறந்துவிட்டேன்.

திகதி போடாமல் எதையும் விடுகிறவன் அல்ல நான். முதல் மழை, குளம் வான் பாய்ந்த நாள், கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர், மகளுக்கு முதல் பல் விழுந்த நாள், முன் விறாந்தையில் பல்பு மாற்றிய நாள் எல்லாம் என் கொப்பிகளில் உண்டு. குடாநாட்டிலிருந்து வந்து இந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம் எங்களுடையது. தண்ணீரூற்றுச் சந்தைக்கு இங்கிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம். மாரியில் நெல், கிணற்றைச் சுற்றிய மேட்டில் மிளகாயும் தக்காளியும் வெண்டியும். நூல்நிலையத்தில் கையில் கிடைப்பதை எல்லாம் வாசிப்பேன். வாசித்ததில் மனதில் தங்கியது ஒன்றுதான்: எழுதி வைத்தவன் சொல்வதைத்தான் பிறகு உலகம் நம்புகிறது. அதை அப்போது ஒரு பெருமையாக நினைத்தேன்.

அந்த எழுத்துக்குரியவர் எங்கள் பகுதிக்கு விவசாயப் போதனாசிரியராக வந்தவர். ஊர் முழுவதற்கும் அவர் 'மிஸ்'. முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் கிறிஸ்தவ, ஊர்ப்பேச்சில் வேதக்காரக் குடும்பத்துப் பெண். மெலிந்த உருவம், பெரிய தலைக்கவசம், கழுத்தில் நூலில் தொங்கும் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி. ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் ஒரு பிஸ்கற் தகரம் எப்போதும் இருக்கும். அதற்குள் இந்த மண்ணிற உறைகள். நோய் வருத்தம் பிடித்த செடியைக் கண்டால் நுனி இலையைக் கிள்ளி, உறையிலிட்டு, இடமும் திகதியும் எழுதித் தகரத்தில் வைப்பார். கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் அவரோடு படித்த ஒருவர் இருந்தார். உறைகள் அங்கே போகும். "அப்பா கடலின்ர நிறத்தைப் பாத்து மீன் நிக்குதெண்டு சொல்லுவார். நான் இலையின்ர நிறத்தைப் பாத்துச் சொல்லுறன். ரெண்டு பேரும் பாதி நேரம் பிழைதான்" என்பார். பிழையை இவ்வளவு இலகுவாக ஒப்புக்கொள்ளும் உத்தியோகத்தரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இலைச்சுருள் வருடா வருடம் வருகிற வருத்தம்தானே, அதற்கு ஏன் ஒவ்வொரு போகமும் இலை பிடுங்கி அனுப்புகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அவர் வேலியோரம் நின்ற என் லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தைக் காட்டினார்.

"அண்ணை, இதை ஆரிட்ட வாங்கினனீங்கள்?"

"எஞ்சின் நெடுங்கேணியில ஒருத்தரிட்ட. கியர்பெட்டி வேற ஆள். பின் பெட்டி மச்சானின்ர பழைய மெசின்ர."

"அப்ப இது ஆற்ற மெசின்?"

"இப்ப என்ரதான்."

"வைரசும் இதைத்தான் செய்யுது. ஒரு செடிக்குள்ள ரெண்டு விதம் ஒண்டாய் இருந்துதெண்டால் துண்டுகளை மாத்திப் பூட்டும். வேறொண்டின்ர பெட்டியையும் கொழுவிக்கொண்டு வெளிக்கிடும். ஓட்டுறதுக்கு வெள்ளை ஈ இருக்கு. நீங்கள் போன வருசத்து வருத்தம் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பியள். வந்து நிக்கிறது புது மெசின். போன வருசம் தாங்கின இனம் இந்த வருசம் படுத்திடும்."

மாற்றிப் பூட்ட அவற்றுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். "நேரம்தான். ஒரு செடி கனகாலம் நிக்கவேணும்" என்றார். அன்றைய பக்கத்தில் அந்த வசனத்தை அப்படியே எழுதியிருக்கிறேன். கீழே கோடும் இழுத்திருக்கிறேன். இன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அதனால்தான் இடைவெளித் திட்டத்தைக் கொண்டுவந்தார். மாசியில் காய் ஓய்ந்ததும் எல்லாரும் பழைய மிளகாய், தக்காளிச் செடிகளைப் பிடுங்கி எரித்துவிடவேண்டும். ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளைக்கு, ஊரில் அந்தப் பயிரே இருக்கக் கூடாது. வெள்ளை ஈ வந்தாலும் எடுத்துப்போக ஒன்றும் இல்லாமல் இருக்கும். பிறகு சித்திரைப் புதுவருடம் கழிந்து எல்லாரும் ஒன்றாகப் புது நாற்று நடுவது. "ஆறு கிழமைக்குச் சொதி வெள்ளையாய்த்தான் இருக்குமோ மிஸ்?" என்று யாரோ கேட்க, "உங்கட மனிசியின்ர வாய் உறைப்பு காணாதோ?" என்று பின்னால் இருந்து வேறு யாரோ சொல்ல, சிரிப்போடு எல்லாரும் சம்மதித்தார்கள். ஒவ்வொரு காணியாக மிஸ் நடந்து பார்த்தார். என் படலைக்கு வந்தபோது உள்ளே வரவில்லை. "உங்கட காணியை நான் ஏன் பாக்கவேணும். கொப்பியைக் காட்டுங்கோ, காணும்" என்றார். மாசி மூன்றாம் செவ்வாய்ப் பக்கத்தைக் காட்டினேன். எல்லாச் செடியும் பிடுங்கி எரித்தாயிற்று, மீதி இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

நான் பொய் எழுதவில்லை. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தை மாதத்தில் மகளுக்கு அம்மாள் வருத்தம் போட்டிருந்தது. உடம்பெல்லாம் கொப்பளம், மூன்று நாள் காய்ச்சல் இறங்கவில்லை. என் மனைவி கிணற்றடி மூலையில் நன்றாகக் காய்த்து நின்ற ஒரு மிளகாய்ச் செடியில் மஞ்சள் துணி கட்டி வற்றாப்பளைக் கோயில் அம்மாளுக்கு நேர்ந்தாள். வைகாசிப் பொங்கலுக்கு அந்தச் செடியின் பழமெல்லாம் அம்மாளுக்கு. அதுவரை அதில் யாரும் கை வைப்பதில்லை. காய்ச்சல் இறங்கிற்று. அந்த நாளிலிருந்து அந்தச் செடி எங்கள் கணக்கில் இல்லை. நாங்கள் அதில் ஒரு காய் பறிக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினோம். மாசியில் செடிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தபோது என் கை அதைச் சுற்றிக்கொண்டு போனது. கோயில் குத்துவிளக்கை வீட்டுச் சாமான்களோடு யாரும் எண்ணமாட்டார்கள். அதைப்போல அது எனக்கு மிளகாய்ச் செடியாகவே தோன்றவில்லை. மீதி இல்லை என்று எழுதிய கை ஒரு கணமும் தயங்கவில்லை.

அந்தச் சித்திரையில் எங்கள் கிணற்றைச் சுற்றியிருந்த ஐந்து காணிகளுக்கும் நாற்றுக் கொடுத்தவ அடுத்த காணி அக்கா. தனியாளாக நாற்றுமேடை போட்டு, வெள்ளை ஈ புகாத வலைக்குள் நாற்று வளர்த்து, அதிலேயே சீவித்தவ. சுத்தமான நாற்று. விற்பதற்கு முன் மிஸ் வந்து அதிலும் இலை கிள்ளி எடுத்துப் போயிருந்தார். நட்டு மூன்று கிழமைக்குள், சித்திரைக் கடைசியில், எங்கள் காணிகளில் நுனி இலைகள் சுருளத் தொடங்கின. மூன்று போகம் இதே வருத்தத்தைத் தாங்கிய இனம் அது. இந்தமுறை முழங்கால் உயரம் வரமுன் குறண்டிப் போயிற்று. காலையில் பார்த்த வரிசையை மத்தியானம் போய்ப் பார்ப்பேன், பின்னேரமும் பார்ப்பேன். சுருண்ட செடிகளைக் காணி வாரியாக, நாள் வாரியாக எழுதினேன். எழுத எழுத எனக்குள் ஒரு பரபரப்பு. ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன் என்ற பரபரப்பு.

விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. மிஸ் அன்றைக்கு வரவில்லை. என்னை எழுந்து கொப்பியை வாசிக்கச் சொன்னார்கள். அக்காவிடம் நாற்று எடுத்த நாள், நட்ட நாள், முதல் இலை சுருண்ட நாள் என்று ஒவ்வொரு காணியாக வாசித்தேன். சந்தையில் நாற்று வாங்கிய தூரத்துக் காணிகளில் வருத்தம் இல்லை என்பதையும் வாசித்தேன். முடிவை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அப்ப நாத்திலதான் வந்திருக்கு" என்றார் ஒருவர்.

"அக்கா, வருத்தத்தை நாத்தோட சும்மா தந்தனீங்களோ, இல்லை அதுக்கும் காசு எடுத்தனீங்களோ?" என்றார் இன்னொருவர். மண்டபம் சிரித்தது.

அக்கா எழும்பி நின்றா. "என்ர மேடையில ஒரு இலை சுருண்டு கிடந்ததை ஆராவது கண்டனீங்களோ? கண்டால் சொல்லுங்கோ. தம்பி, நீர் கண்டனீரோ?"

நான் கொப்பியைப் பார்த்தேன். "அது நான் எழுதேல்ல அக்கா" என்றேன். எட்டு வருடமாக என்னைத் தூங்கவிடாமல் குடையும் வசனம் இதுதான். அடுத்த நாள் காலையில் அவவின் வேலியோரம் நாற்றுத் தட்டுகள் திரும்பி வந்து கிடந்தன. ஒருவர் வைத்ததைப் பார்த்து இன்னொருவரும் வைத்திருக்கவேண்டும். பின்னேரம் அந்தக் காணியிலிருந்து புகை எழும்பியது. மீதி நாற்றையெல்லாம் அவவே பிடுங்கி எரித்தா.

வைகாசி நடுவில், பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, மிஸ் வந்தார். படலையில் ஸ்கூட்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கிணற்றடிக்கு நடந்து வந்தார். கிள்ளி அனுப்பிய இலைகளுக்கு ஆய்வுகூடத்திலிருந்து பதில் வந்துவிட்டது என்றார். "அக்காவின்ர நாத்து சுத்தம். உங்கட அஞ்சு காணியிலயும் ஒரே புது மெசின் நிக்குது. போன மாரியில தக்காளியில இருந்ததில பாதி, மிளகாயில இருந்ததில பாதி. ரெண்டும் எங்கயோ ஒரு செடிக்குள்ள கனகாலம் ஒண்டாய் இருந்திருக்கு. உங்கட கொப்பியில இல்லாத செடி ஏதும் இருக்கோ, அண்ணை?"

"இல்லை" என்றேன். யோசிக்காமல் வந்த சொல்.

"சரி. திகதி எழுதினது காணும். இனி இடத்தைப் படமாய்க் கீறுங்கோ."

குச்சி ஒன்றை எடுத்து ஈர மண்ணில் ஐந்து காணிகளையும் கீறினேன். அத்தனை வருடம் நாட்களை எழுதினேனே தவிர ஒருநாளும் இடத்தைக் கீறிப் பார்த்ததில்லை. முதல் சுருண்ட வரிசைகளுக்குப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். அக்காவிடம் நாற்று எடுத்த காணிகள் எல்லாம் ஒரு வட்டமாக நின்றன. வட்டத்தின் நடுவில் எங்கள் கிணறு. தலையை நிமிர்த்தினேன். கிணற்று மூலையில் மஞ்சள் துணி வெயிலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மிஸ் என் கண் போன திசையில் பார்த்தார். போய்க் குனிந்து கொப்பொன்றை மெல்லத் தட்டினார். மா தூவியதுபோல வெள்ளை ஈ எழும்பியது. இலைகள் எல்லாம் நகக்கண் அளவில் சுருண்டு குவிந்திருந்தன. தினமும் இரண்டு வேளை அதற்குத் தண்ணீர் ஊற்றியவன் நான். அந்த இலைகளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அது நேர்த்திக்குக் கட்டிய துணி என்று விளங்கியதும் அவர் கையை எடுத்துவிட்டார். "நான் வேதக்காரி. அம்மாளின்ர செடியில இனி நான் கை வைக்கமாட்டன். அக்காவைக் கூப்பிடுங்கோ" என்றார். அவர் அக்கா என்றது என் மனைவியை. குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தவளுக்கு மிஸ் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். பொங்கல் மட்டும் விட்டால் எத்தனை காணிக்குப் போகும் என்பதையும் சொன்னார். நான் அவள் மறுப்பாள் என்று நினைத்தேன். உண்மையில், மறுக்கவேண்டும் என்று விரும்பினேன். அவள் செடியைப் பார்த்தாள், பிறகு மகள் விளையாடிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தாள். "நான் அம்மாளுக்கு நேந்தது பழத்தை. வருத்தத்தை நேரேல்ல" என்றாள். துணியை அவிழ்த்துத் தோளில் போட்டாள். சிவந்திருந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பறித்து மடியில் கட்டினாள். மிஸ் கொடுத்த பெரிய பையால் செடியை மூடி, அடியோடு பிடுங்கினாள். எரியும்வரை பக்கத்திலேயே நின்றாள். பழங்கள் பத்து நாளில் காய்ந்து பொங்கலுக்குப் போயின.

பையால் மூடமுன் மனைவியிடம் கேட்டு மிஸ் இரண்டு இலை வாங்கியிருந்தார். ஒன்றை ஓர் உறையில் போட்டு, முறைப்படி இடமும் திகதியும் எழுதித் தகரத்தில் வைத்தார். மற்றதை இன்னோர் உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இது உங்களுக்கு. திகதியை நீங்கள் போடுங்கோ."

"இண்டைக்குத் திகதிதானே மிஸ், நீங்களே போடுங்கோவன்."

"இண்டைக்கு இல்லை. எண்டைக்குக் கூட்டத்தில எழும்பிச் சொல்லுறீங்களோ, அண்டைக்கு. நாத்து சுத்தம் எண்டு நான் சொல்லலாம். செடி எங்க நிண்டதெண்டு நான் சொன்னால் அது காட்டிக்குடுக்கிறது. அதை நீங்கள்தான் சொல்லவேணும்."

அடுத்த கூட்டத்தில் அவர் சொல்லவேண்டியதைச் சொன்னார். அக்காவின் நாற்று பரிசோதித்துச் சுத்தம் என்று வந்திருக்கிறது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மிஸ் முன் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வெளியே வரும்போது ஒருவர், "மிஸ் அக்காவுக்கு வேண்டப்பட்டவா, அப்பிடித்தான் சொல்லுவா. கொப்பியில திகதி இருக்குத்தானே" என்றார். அவர் காட்டிய சாட்சி என் கொப்பி. அந்தக் கணத்தில்கூட ஒரு வசனம் போதுமாயிருந்தது. அம்மாளின் நேர்த்தியைக் குறை சொன்னதாகிவிடும், மனைவிக்கு ஊரில் பேச்சு வரும் என்று எனக்கு நானே காரணம் வைத்துக்கொண்டேன். மனைவி ஒருநாளும் அப்படிச் சொன்னவள் அல்ல. அந்த ஆவணியில் மிஸ் மாற்றலாகிப் போனார். போகிற அன்று படலையில் நின்று, "உறை பத்திரமோ?" என்று மட்டும் கேட்டார். பத்திரம் என்றேன். அவர் தலைக்கவசத்தை மாட்டி, ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பினார். அக்காவின் நாற்றுமேடையில் பிறகு யாரும் நாற்று எடுக்கவில்லை. ஊர் வவுனியாவிலிருந்து லொறியில் வரும் நாற்றுக்கு மாறியது.

இந்த வருடம் இலை மறுபடி சுருண்டிருக்கிறது. அதே வருத்தம் என்று ஊர் சொல்கிறது. அதே வருத்தமாக இருக்காது என்று எனக்குத் தெரியும். புதிதாக வந்திருக்கும் போதனாசிரியர் என் கொப்பிகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். இலைச்சுருள் வைரசு இந்தப் பகுதியில் எப்படியெல்லாம் மாறி வந்தது என்று பார்க்கிறார்களாம். பழைய இலைகள் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன, எந்தக் காணியில் எப்போது என்ன நின்றது என்று ஒழுங்காக எழுதிய ஆள் நீங்கள் ஒருவர்தான், எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பலாமா என்றார். அவர் கையில் தொலைபேசி தயாராக இருந்தது. மாசி மூன்றாம் செவ்வாய், மீதி இல்லை. அந்தப் பக்கமும் படமாகிப் போகும். நான் பிழை என்று அறிந்த ஒன்று இனி எல்லாருக்கும் சாட்சியாகும். ஒரு கிழமை தாருங்கள் என்றேன். அந்தக் கிழமையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன், மீதி நேரமெல்லாம் வீட்டுக்கும் கிணற்றுக்குமாக நடந்தேன். நாலாம் நாள் உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அக்காவின் படலையைத் திறந்தேன்.

நாற்றுமேடை நின்ற இடத்தில் கோழிக்கூடு. வெள்ளை ஈ புகாத அந்த நல்ல வலை கூட்டைச் சுற்றிக் கட்டியிருந்தது. அக்கா கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தா. "கொப்பிக்காரர் வந்திருக்கிறார். என்ர கோழிக்கும் திகதி போடப்போறீரோ?" என்றா. நான் உறையை நீட்டிச் சொல்லத் தொடங்கினேன். கிணற்றடி, நேர்த்தி, மிஸ் கீறச் சொன்ன படம். பாதியில் அவ கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் நின்றா.

"எனக்குத் தெரியும் தம்பி."

"எப்ப தொடக்கம்?"

"அப்ப தொடக்கம். உங்கட கிணத்தடியாலதானே நான் சந்தைக்குப் போறனான். மஞ்சள் துணி கட்டி நிண்ட செடி என்ர கண்ணில படாதோ?"

"பின்ன ஏன் அக்கா கூட்டத்தில சொல்லேல்ல?"

"நான் சொன்னால் அது கதை. நீர் எழுதினால் அது நடந்தது. உம்மட கொப்பிக்கு எதிரா நான் எதைக் காட்டுறது?" தவிட்டுச் சட்டியைக் கவிழ்த்து வைத்தா. "என்னட்ட வந்து சொல்லிப் பிரயோசனமில்லை. கூட்டத்தில வாசிச்சனீர். கூட்டத்தில வாசியும்."

வாசித்தேன். மண்டபத்தில் பழைய ஆட்களில் பாதிப்பேர்தான் இருந்தார்கள். மாசிப் பக்கத்தை முதலில் வாசித்து, அது பிழை என்று சொல்லி, கிணற்றடிச் செடியைச் சொன்னேன். அக்கா அதே கேள்வியைக் கேட்டபோது நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். என் மனைவி பின் கதிரையில் நேராக நிமிர்ந்து இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஏசவுமில்லை. அன்றைக்குக் காசு எடுத்தனீங்களோ என்று கேட்ட ஆள் மட்டும் கூட்டம் முடிய அக்காவிடம் போய், வாற போகத்துக்கு நாற்றுப் போடுவீங்களோ என்று தணிந்த குரலில் கேட்டார். "வலை கோழிக்கூட்டில கிடக்கு. முதல் கோழியை எங்க விடுறதெண்டு சொல்லுங்கோ" என்றா அக்கா. ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து உறையை எடுத்தேன். மிஸ் எழுதிய பென்சில் வரி மங்கியிருந்தது. என் கை பேனையைத் தேடிப் போயிற்று, பிறகு பென்சிலையே எடுத்தேன். 'திகதி'க்குப் பக்கத்து இரண்டு புள்ளிகளுக்குப் பிறகு இன்றைய திகதியை எழுதினேன். எழுதி முடித்து அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு வருடத்துக்கு முந்திய இலையோடு இன்றைய நாள் ஒட்டவில்லை. யாராவது பிறகு இந்த உறையைப் பார்த்தால் நான்தான் பிழை விட்டிருக்கிறேன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். நாளை காலை போதனாசிரியர் படமெடுக்க வருகிறார். உறையை லாச்சியில் வைக்காமல் மாசிப் பக்கத்துக்குள் வைத்து, கொப்பியை மேசைமேல் விட்டிருக்கிறேன்.